பயாப்சியில் ஒன்றும் இல்லை, பி.எஸ்.ஏ. இறங்கவில்லை

புரோஸ்டேட் சுரப்பியில் ஊசி செலுத்தித் திசு எடுத்துப் பார்த்தாகிவிட்டது. புற்றுநோய் தென்படவில்லை. ஆனால் அந்தச் சோதனைக்குக் காரணமாக இருந்த பி.எஸ்.ஏ. என்ற இரத்த அளவு இறங்காமல் நிற்கிறது. மறுபடியும் ஊசியா? ஆறு மாதத்துக்கு ஒருமுறை இரத்தம் கொடுத்துப் பார்ப்பதா, இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை போதுமா? அல்லது இதை மறந்துவிட்டு வேலையைப் பார்க்கலாமா? 1980களின் இறுதியிலிருந்து சிறுநீரியல் மருத்துவர்கள் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லி வருகிறார்கள். பதில் பலமுறை மாறிவிட்டது.

அந்த மாற்றங்களில் மிகப் பெரியது லண்டனில் நடந்தது. கேள்வியும் அந்நகரத் தமிழர்களுக்குத் தொலைவானதல்ல. 1980களில் இளைஞர்களாக இலங்கையிலிருந்து வந்து ஹாரோ, வெம்பிளி, ஈஸ்ட்ஹாம், டூட்டிங் பகுதிகளில் குடியேறியவர்களில் பலர் இன்று அறுபதைத் தாண்டியவர்கள். புரோஸ்டேட் பற்றிய கவலை வீட்டுக்குள் நுழையும் வயது அது.

ஓர் எண்ணின் பிறப்பு

பி.எஸ்.ஏ. என்பது புரோஸ்டேட் சுரப்பி உண்டாக்கும் ஒரு நொதி. விந்தை நீர்க்கச் செய்வது அதன் வேலை. அதில் சிறிதளவு இரத்தத்தில் கசிகிறது. புற்றுநோய் வந்தால் கசிவு கூடும். ஆனால் வயதுக்கேற்பச் சுரப்பி பெருத்தாலும், தொற்று ஏற்பட்டாலும் கூடும். சிக்கலெல்லாம் இங்கேதான் தொடங்குகிறது.

அமெரிக்காவின் பஃபலோ நகரிலுள்ள ராஸ்வெல் பார்க் ஆய்வு நிலையத்தில் 1979இல் இந்தப் புரதத்தைப் பிரித்தெடுத்தார்கள். 1986இல் அமெரிக்க அரசு அனுமதி தந்தபோது, ஏற்கெனவே புற்றுநோய் உறுதியானவர்களின் நிலையைக் கண்காணிக்க மட்டுமே தந்தது. நோயைக் கண்டுபிடிப்பதற்கான அனுமதி 1994இல்தான் வந்தது. இடைப்பட்ட காலத்தில், 1991இல், செயின்ட் லூயிஸ் நகர மருத்துவர் வில்லியம் கேட்டலோனா இதைத் தேடல் சோதனையாகப் பயன்படுத்தலாம் என்று காட்டியிருந்தார். மில்லிலிட்டருக்கு 4 நானோகிராம் என்பது எல்லைக்கோடாக நிலைத்தது.

அந்தக் கோடு எவ்வளவு தளர்வானது என்பதை 2004இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வு காட்டியது. பி.எஸ்.ஏ. 4ஐத் தாண்டாத ஆண்களுக்கும் பயாப்சி செய்து பார்த்தபோது 15.2 சதவீதத்தினரிடம் புற்றுநோய் இருந்தது. கோட்டுக்கு மேலே இருப்பவர்களில் பெரும்பாலோருக்கு நோய் இருப்பதில்லை. கீழே இருப்பவர்களுக்கு இல்லை என்று உறுதியும் சொல்ல முடியாது. பயாப்சிக்குப் பிறகு பி.எஸ்.ஏ.யைக் கண்காணிப்பவர் இப்படிப்பட்ட ஓர் எண்ணைத்தான் நம்பியிருக்கிறார்.

குறி தெரியாத ஊசி

1989இல் ஸ்டான்ஃபோர்டு மருத்துவர்கள் அல்ட்ராசவுண்டு உதவியுடன் சுரப்பியின் ஆறு இடங்களிலிருந்து ஒழுங்குமுறையாகத் திசு எடுக்கும் வழக்கத்தைக் கொண்டுவந்தார்கள். ஆறு பிறகு பத்து, பன்னிரண்டு ஆனது. ஊசி மலக்குடல் வழியாகச் சென்றது. அல்ட்ராசவுண்டில் சுரப்பி தெரியும். கட்டி பெரும்பாலும் தெரியாது. பன்னிரண்டு மெல்லிய இழைகளையும் சேர்த்தாலும் நடுத்தர அளவுள்ள சுரப்பியில் நூறில் ஒரு பங்கு தேறாது. முன்பக்கத்தில் ஒதுங்கியிருக்கும் கட்டியை ஊசி தொடாமலே போகலாம்.

ஆகவே முதல் தலைமுறை மருத்துவர்களின் நிலைப்பாடு தெளிவாக இருந்தது: பி.எஸ்.ஏ. இறங்காவிட்டால் மறுபடி எடு. அதற்கு ஆதாரமும் இருந்தது. வியன்னாவின் பாப் ஜவான் குழுவினர் 2001இல் வெளியிட்ட ஐரோப்பிய ஆய்வில் முதல் பயாப்சியில் 22 சதவீதத்தினருக்குப் புற்றுநோய் கிடைத்தது. இரண்டாவதில் 10, மூன்றாவதில் 5, நான்காவதில் 4. 2010இல் வெளிவந்த ‘ரெட்யூஸ்’ என்ற மருந்துச் சோதனை இன்னும் வெளிப்படையாகப் பேசியது. அதில் சேர்ந்த 8,000க்கு மேற்பட்டவர்கள் அனைவரும் சற்றுமுன்தான் பயாப்சியில் நோய் இல்லை என்ற முடிவு பெற்றவர்கள். வெற்று மாத்திரை பெற்ற பிரிவில் பயாப்சி செய்துகொண்டவர்களிடம் அடுத்த நான்கு ஆண்டுகளில் 25.1 சதவீதத்தினருக்குப் புற்றுநோய் காணப்பட்டது.

நான்கில் ஒருவர் என்ற கணக்கு யாரையும் கலங்க வைக்கும். ஆனால் இந்த நிலைப்பாட்டின் பலவீனமும் அதே எண்ணுக்குள்தான் இருக்கிறது. தேடத் தேடக் கிடைத்தவற்றில் பல, அந்த மனிதரின் ஆயுள்காலத்தில் தொல்லை தந்திருக்க வாய்ப்பில்லாத மெதுவான வகைகள். ஒவ்வொரு முறையும் மலக்குடல் வழியே ஊசி சென்றபோது கிருமித் தொற்று அபாயமும் உடன் சென்றது. புற்றுநோய் கிடைத்தது என்பதும் அதனால் உயிர் காக்கப்பட்டது என்பதும் ஒன்றல்ல.

எதிர்த்திசையில் நின்றவர்களுக்கு டென்மார்க் ஆயுதம் கொடுத்தது. அங்கு 1995 முதல் 2011 வரை முதல் பயாப்சியில் நோய் தென்படாத 27,000க்கு மேற்பட்ட ஆண்களின் பதிவுகளைத் தொடர்ந்து பார்த்து 2017இல் ‘லான்செட் ஆங்காலஜி’ இதழில் முடிவை வெளியிட்டார்கள். இருபது ஆண்டுகளில் புரோஸ்டேட் புற்றுநோயால் இறக்கும் வாய்ப்பு 5.2 சதவீதம், வேறு காரணங்களால் இறக்கும் வாய்ப்பு 59.9 சதவீதம். முதல் பயாப்சியின்போது பி.எஸ்.ஏ. 10ஐத் தாண்டாதவர்களை மட்டும் எடுத்தால், பதினைந்து ஆண்டுகளில் இந்நோயால் இறந்தோர் 0.7 சதவீதமே. 10 முதல் 20 வரை இருந்தவர்களில் 3.6. 20ஐத் தாண்டியவர்களில் 17.6.

இந்த மூன்று எண்களும் இக்கேள்வியின் வரலாற்றிலேயே மிகப் பயனுள்ளவை என்று சொல்லத் தோன்றுகிறது. நோய் தென்படாத பயாப்சிக்குப் பின் எல்லோரும் ஒரே படகில் இல்லை என்பதை வேறெந்த ஆய்வும் இவ்வளவு பச்சையாகக் காட்டவில்லை. இதற்கும் எல்லை உண்டு. மரணத்தை மட்டும் எண்ணும் கணக்கு, எலும்புக்குப் பரவி வலியோடு வாழ்ந்து வேறு காரணத்தால் இறந்தவரை எண்ணாது. இருபது ஆண்டுகளில் பாதிக்கு மேற்பட்டோர் வேறு காரணங்களால் இறந்த ஒரு கூட்டத்தின் ஆறுதலை, ஐம்பது வயதில் இருப்பவருக்கு அப்படியே கொடுத்துவிடவும் முடியாது.

எண்ணைச் செதுக்கியவர்கள்

மீண்டும் மீண்டும் ஊசி என்பதற்கும் சும்மா விடுவதற்கும் நடுவே மூன்றாவது அணி ஒன்று உருவானது. குறை பி.எஸ்.ஏ.யில் இல்லை, அதைத் தனி எண்ணாக வாசிப்பதில்தான் குறை என்றது அது.

1992 இந்த அணிக்கு முக்கியமான ஆண்டு. நியூயார்க்கில் மிட்செல் பென்சன், பி.எஸ்.ஏ.யைச் சுரப்பியின் கன அளவால் வகுத்து ‘அடர்த்தி’ பார்க்கச் சொன்னார். பெரிய சுரப்பி இயல்பாகவே அதிகம் சுரக்கும். சிறிய சுரப்பியிலிருந்து அதிகம் கசிந்தால்தான் சந்தேகம். 0.15 என்ற எல்லை அங்கிருந்து வந்தது. அதே ஆண்டு பால்ட்டிமோரின் பேலன்டைன் கார்ட்டர் ‘வேகம்’ பார்க்கச் சொன்னார்: ஆண்டுக்கு 0.75க்கு மேல் ஏறினால் கவனி. அவருடைய ஆய்வு நீண்டகாலமாக உறைநிலையில் சேமித்து வைத்திருந்த இரத்த மாதிரிகளில் செய்தது. பங்கேற்ற ஆண்கள் 54 பேர்.

இவற்றோடு, புரதத்துடன் ஒட்டாமல் தனித்துத் திரியும் பி.எஸ்.ஏ. எத்தனை சதவீதம் என்ற கணக்கும் சேர்ந்தது. 1998இல் கேட்டலோனா குழுவினர் காட்டியபடி, மொத்த அளவு 4க்கும் 10க்கும் இடையில் இருந்து தனித்த பங்கு 10 சதவீதத்துக்கும் குறைந்தால் புற்றுநோய் வாய்ப்பு பாதிக்கு மேல். 25 சதவீதத்தைத் தாண்டினால் பத்தில் ஒன்றுக்கும் கீழே.

இவற்றில் வேகம் மீதுதான் பொதுமக்களுக்கு நம்பிக்கை அதிகம். ஏறுகிறதா இறங்குகிறதா என்று பார்ப்பது எவருக்கும் புரியும். ஆனால் அதன் அறிவியல் அடித்தளம்தான் மற்றவற்றைவிட மெலிந்தது. நியூயார்க் புள்ளியியலாளர் ஆண்ட்ரூ விக்கர்ஸும் சகாக்களும் 2010இல், முன்பே பயாப்சியில் நோய் தென்படாத ஆண்களையே எடுத்துப் பார்த்து, வேகத்தைச் சேர்ப்பதால் நோயைக் கண்டறிவதில் பயன் கூடவில்லை என்று முடிவு கூறினார்கள். காரணம் ஊகிக்கக் கூடியதே. பி.எஸ்.ஏ. தன்னளவிலேயே ஏறி இறங்கும் பொருள். உயர்ந்திருப்பதாகக் கண்ட அளவு, எந்தச் சிகிச்சையும் இல்லாமல் அடுத்த ஆண்டுகளில் கோட்டுக்குக் கீழே திரும்பிவிடுவது பலரிடம் நிகழ்கிறது. இரண்டு புள்ளிகளை இணைத்துக் கோடு போட்டால் அது எந்தப் பக்கமும் சாயலாம். மூன்று அளவுகளாவது வேண்டும், ஒன்றரை முதல் இரண்டு ஆண்டு இடைவெளியும் வேண்டும்.

பி.சி.ஏ.3 என்ற சிறுநீர்ச் சோதனையும், மூன்று வகை பி.எஸ்.ஏ.யைக் கலந்து கணக்கிடும் பி.எச்.ஐ. குறியீடும் அடுத்து வந்தன. முதல் பயாப்சியில் நோய் தென்படாதவர்களுக்கும் இவை முன்னிறுத்தப்பட்டன. பிரிட்டனில் எந்தச் சோதனைக்குப் பொதுப்பணம் செலவிடலாம் என்று தீர்ப்பளிக்கும் நைஸ் அமைப்பு 2015இல் இரண்டையும் பரிசீலித்து, அப்படிப்பட்டவர்களுக்கு இவற்றைப் பரிந்துரைக்க இயலாது என்றது. அதனால்தான் இதே நிலையில் உள்ள உறவினர் அமெரிக்காவில் பெறும் சோதனை லண்டனில் அரசு மருத்துவச் சேவையான என்.எச்.எஸ். கிளினிக்கில் வழக்கமாகக் கிடைப்பதில்லை.

லண்டன் செய்தது

யுனிவர்சிட்டி காலேஜ் லண்டனில் மார்க் எம்பர்ட்டன், ஹாஷிம் அகமது ஆகியோர் நடத்திய ‘பிராமிஸ்’ ஆய்வு 2017இல் ‘லான்செட்’டில் வந்தது. 576 ஆண்கள். ஒவ்வொருவருக்கும் முதலில் எம்.ஆர்.ஐ.; பிறகு பழைய முறை பயாப்சி; அதோடு ஐந்து மில்லிமீட்டருக்கு ஒன்றாகச் சுரப்பி முழுவதையும் சல்லடையிடும் விரிவான பயாப்சி. மூன்றாவதே உரைகல். முக்கியமான, அதாவது சிகிச்சை தேவைப்படக்கூடிய, புற்றுநோய்களில் எம்.ஆர்.ஐ. 93 சதவீதத்தைப் பிடித்தது. பழைய பயாப்சி பிடித்தது 48 சதவீதம். பழைய பயாப்சி ஒன்றுமில்லை என்று அனுப்பிய நூறு பேரில் ஏறத்தாழ 26 பேரிடம் முக்கியமான நோய் இருந்தது.

கால் நூற்றாண்டாக உலகெங்கும் நம்பப்பட்ட ஒரு சோதனை, பார்க்க வேண்டியதில் பாதியைப் பார்க்கவில்லை என்று தெரிந்தது. அந்த ஆண்டுகளில் “உங்களுக்கு ஒன்றும் இல்லை” என்ற கடிதத்துடன் வீடு திரும்பியவர்களின் நிலை என்ன என்ற கேள்வி அப்போதே எழுந்திருக்க வேண்டும். அது போதிய அழுத்தத்துடன் எழுப்பப்படவில்லை என்பது வருத்தத்துக்குரியது.

அடுத்த ஆண்டு அதே நிறுவனத்தின் வீரு காசிவிஸ்வநாதன் முன்னின்று நடத்திய ‘பிரிசிஷன்’ ஆய்வு, 11 நாடுகளில் 500 ஆண்களிடம் இரண்டு வழிகளையும் ஒப்பிட்டது. எம்.ஆர்.ஐ. காட்டிய இடத்தில் மட்டும் ஊசி செலுத்திய பிரிவில் முக்கியமான புற்றுநோய் 38 சதவீதத்தினரிடம் கண்டறியப்பட்டது. பழைய வழியில் 26. எம்.ஆர்.ஐ. பிரிவில் 28 சதவீதத்தினருக்கு ஊசியே தேவைப்படவில்லை. ஊசியின் பாதையும் மாறியது. மலக்குடலைத் தவிர்த்து, விதைப்பைக்கும் ஆசனவாய்க்கும் இடைப்பட்ட தோல் வழியாக, அந்த இடத்தை மட்டும் மரத்துப்போகச் செய்து திசு எடுக்கும் முறையைப் பரப்பியதில் தேம்ஸ் நதியின் தென்கரையிலுள்ள கைஸ் மருத்துவமனைக்குப் பெரும் பங்கு உண்டு.

இதனால் நோய் தென்படாத பயாப்சி என்று சொல்லும்போது இன்று மூன்று வெவ்வேறு மனிதர்கள் நினைவுக்கு வர வேண்டும். ஒருவர் எம்.ஆர்.ஐ. இல்லாத காலத்தில் பன்னிரண்டு ஊசிகளோடு அனுப்பப்பட்டவர். இன்னொருவருக்கு எம்.ஆர்.ஐ. தெளிவாக இருந்தும் பி.எஸ்.ஏ. அடர்த்தி கூடியிருந்ததால் பயாப்சி செய்தார்கள். அதிலும் எதுவும் இல்லை. மூன்றாமவரின் எம்.ஆர்.ஐ.யில் சந்தேகத்துக்குரிய இடம் தெரிந்தது, அங்கேயே ஊசி போனது, வந்தது அழற்சித் திசு மட்டும். முதலாமவருக்குத் தேவை இன்னொரு பி.எஸ்.ஏ. அன்று, அளவு உயர்ந்தே இருந்தால் எம்.ஆர்.ஐ.தான். இரண்டாமவரே இரத்தக் கண்காணிப்புக்குப் பொருத்தமானவர். மூன்றாமவரின் படத்தையும் திசுவையும் மருத்துவக் குழு ஒன்றாக வைத்து மறுபடி பார்க்க வேண்டும், ஊசி குறி தவறியதா என்று. இரத்த அளவு ஒன்றாகவே இருந்தாலும் மூவருக்கும் அதன் பொருள் வேறு.

வழிகாட்டியின் எண்கள்

2019இல் வெளிவந்து 2021இல் திருத்தப்பட்ட நைஸ் வழிகாட்டி இந்த வேறுபாட்டை ஓரளவு உள்வாங்கியிருக்கிறது. எம்.ஆர்.ஐ.யில் சந்தேகத்தின் அளவு ஐந்துக்கு ஒன்று அல்லது இரண்டு மட்டுமே, பயாப்சியிலும் நோய் இல்லை என்றால், மூன்று முதல் ஆறு மாதத்துக்குள் பி.எஸ்.ஏ.யை மீண்டும் பார்க்கச் சொல்கிறது. அடர்த்தி 0.15ஐ அல்லது வேகம் ஆண்டுக்கு 0.75ஐத் தாண்டினாலோ, குடும்பத்தில் நோய் வலுவாக இருந்தாலோ மறு பயாப்சி. இல்லாவிட்டால் குடும்ப மருத்துவரான ஜி.பி.யிடம் ஒப்படைப்பு. இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை இரத்தம். எந்த அளவைத் தொட்டால் திருப்பி அனுப்ப வேண்டும் என்பதையும் மருத்துவமனை அந்த நபருக்கென்று குறித்துத் தர வேண்டும்.

இந்தக் கடைசி வரிதான் உயிர்நாடி. சுரப்பி 60 மில்லிலிட்டர் உள்ளவருக்கு 0.15 அடர்த்தி என்றால் எல்லை 9. சுரப்பி 30 மில்லிலிட்டர் உள்ளவருக்கு 4.5. ஆனால் ஜி.பி.யின் முன் பொதுவாக இருப்பது வயதுவாரிப் பட்டியல்: ஐம்பதுகளில் 3.5, அறுபதுகளில் 4.5, எழுபதுகளில் 6.5. தனி எல்லை எழுதப்படாத கடிதத்தோடு வந்தவர், பெரிய சுரப்பிக்காரராக இருந்தால் தேவையில்லாமல் மீண்டும் மீண்டும் மருத்துவமனைக்கு அனுப்பப்படுவார். சிறிய சுரப்பிக்காரர் எழுபதைத் தாண்டியவராக இருந்தால், கவனிக்க வேண்டிய ஏற்றம் 6.5க்குள் அடங்கி யார் கண்ணிலும் படாமல் போகலாம்.

இன்னொன்றும் கவனத்துக்குரியது. 0.15, 0.75 இரண்டும் 1992ஆம் ஆண்டின் எண்கள், எம்.ஆர்.ஐ.க்கு முந்தைய உலகில் பிறந்தவை. அடர்த்தி புதிய உலகிலும் தாக்குப்பிடிக்கிறது. எம்.ஆர்.ஐ. சுரப்பியின் அளவைத் துல்லியமாகத் தருவதால் அதன் மதிப்பு கூடியிருக்கிறது என்றுகூடச் சொல்லலாம். வேகத்துக்கு அப்படிச் சொல்ல முடியவில்லை. வழிகாட்டியில் அது தொடர்வதற்குச் சான்றைவிடப் பழக்கமே காரணமோ என்று ஐயுற இடமிருக்கிறது.

தெற்காசிய ஆணும் அவருடைய எண்ணும்

இங்கிலாந்தின் 2008–2010 பதிவுகளை வைத்துச் செய்த கணக்கு, வாழ்நாளில் இந்நோய் கண்டறியப்படும் வாய்ப்பை வெள்ளையருக்கு எட்டில் ஒன்று, கறுப்பினத்தவருக்கு நான்கில் ஒன்று, ஆசியருக்குப் பதின்மூன்றில் ஒன்று என்று சொன்னது. எக்சிட்டர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பின்னர் ஏழு லட்சத்துக்கு மேற்பட்ட ஆண்களின் ஜி.பி. பதிவுகளைப் பார்த்தபோது, பி.எஸ்.ஏ. உயர்ந்தவர்களில் ஓராண்டுக்குள் புற்றுநோய் உறுதியானோர் ஆசியரிடையே மற்ற இரு பிரிவினரைவிடக் குறைவாகவே இருந்தனர். உயர்ந்த எண் ஒன்றைப் பெற்ற தமிழருக்கு இதில் ஓரளவு ஆறுதல் உண்டு. ஆனால் ‘ஆசியர்’ என்ற ஒரே பெட்டியில் யாழ்ப்பாணத்தாரும் பஞ்சாபியரும் வங்காளியரும் அடைக்கப்பட்டிருக்கிறார்கள். தந்தைக்கோ அண்ணனுக்கோ நோய் இருந்த தமிழருக்கு அந்தச் சராசரி பொருந்தாது.

கண்காணிப்பைக் குழப்பும் நடைமுறைக் காரணங்களும் உண்டு. ஊருக்குப் போகும்போது சென்னையிலோ கொழும்பிலோ முழு உடல் பரிசோதனை செய்துகொள்ளும் வழக்கம் லண்டன் தமிழர் சிலரிடம் இருக்கிறது. ஆய்வகக் கருவிகளின் அளவீட்டுத் தரம் ஒன்றுபோல் இல்லாததால், ஒரே இரத்தத்துக்கே இரண்டு இடங்களில் இரண்டு எண் வரலாம். அங்கே 5.1, இங்கே 6.2 என்பதை ஏற்றம் என்று படிப்பது பிழையாகலாம். சிறுநீர்த் தொற்று வந்த ஆறு வாரத்துக்குள்ளும், பயாப்சி முடிந்த ஆறு வாரத்துக்குள்ளும் எடுத்த அளவை நம்பக் கூடாது. சோதனைக்கு முந்தைய 48 மணி நேரத்தில் விந்து வெளியேறுவதும் சைக்கிள் போன்ற கடும் உடற்பயிற்சியும் அளவை உயர்த்தக் கூடும்.

எல்லாவற்றிலும் ஆபத்தானது எதிர்த்திசைக் குழப்பம். சுரப்பி பெருத்தவர்களுக்குக் கொடுக்கும் ஃபினாஸ்டரைடு, டியூடாஸ்டரைடு மாத்திரைகள் சில மாதங்களில் பி.எஸ்.ஏ.யை ஏறத்தாழப் பாதியாக்கிவிடும். ஃபினாஸ்டரைடு முடி உதிர்வுக்கும் விற்கப்படுகிறது. மாத்திரை எடுப்பவருக்கு 4 என்று வந்தால் அதை 8 என்று வாசிக்க வேண்டும்; அடிமட்டத்துக்கு இறங்கிய எண் மாத்திரையை விடாதபோதும் மேலே வந்தால் விசாரிக்க வேண்டும். ஜி.பி.க்குத் தெரியாமல் வாங்கிய மாத்திரை ஒன்று முழுக் கண்காணிப்பையும் பொய்யாக்கிவிடும்.

தீராமல் இருப்பவை

பிரிட்டனில் இப்போது நடக்கும் பெரிய விவாதம் அறிகுறியற்ற ஆண்களை அழைத்துச் சோதிப்பதைப் பற்றியது. ஒரே ஒரு பி.எஸ்.ஏ. அழைப்பு பதினைந்து ஆண்டுகளில் இந்நோய் மரணத்தை 0.78 சதவீதத்திலிருந்து 0.69 ஆக மட்டுமே குறைத்தது என்று 2024இல் ‘கேப்’ ஆய்வு சொன்னது. 2025 நவம்பரில் தேசியத் தேடல் குழுவின் வரைவுப் பரிந்துரை, பி.ஆர்.சி.ஏ. மரபணு மாற்றம் உள்ளவர்களுக்கு மட்டும் அழைப்பை ஆதரித்தது. ஹாஷிம் அகமது இப்போது இம்பீரியல் காலேஜில் இருந்தபடி வழிநடத்தும் ‘டிரான்ஸ்ஃபார்ம்’ என்ற மாபெரும் சோதனை தொடங்கியிருக்கிறது. இவையெல்லாம் முதல் சோதனைக்குள் யாரை அழைப்பது என்று கேட்கின்றன. அதற்குள் போய் வெறுங்கையோடு வெளியே வந்தவரை எப்படிப் பின்தொடர்வது என்பது ஓரத்தில் கிடக்கிறது.

சான்றுகள் இன்று தாங்கும் அளவுக்குச் சொல்வதானால்: எம்.ஆர்.ஐ. தெளிவாகவும் அடர்த்தி குறைவாகவும் பி.எஸ்.ஏ. 10க்குக் கீழும் இருப்பவருக்கு மீண்டும் மீண்டும் ஊசி தேவைப்படுவதாகத் தெரியவில்லை. பெர்லின் ஆய்வொன்றில் எம்.ஆர்.ஐ. தெளிவாக இருந்து பயாப்சியின்றிக் கண்காணிக்கப்பட்டவர்களில் 96 சதவீதத்தினரிடம் மூன்று ஆண்டுகளில் முக்கியமான நோய் தென்படவில்லை என்பது இதற்குத் துணை நிற்கிறது. எனினும் அது மூன்று ஆண்டு. மெதுவாக வளரும் நோய்க்கு மூன்று ஆண்டு குறுகிய காலம். பி.எஸ்.ஏ. 20ஐத் தாண்டியவரை எந்தச் சோதனை முடிவும் நிம்மதியாக அனுப்பிவிடக் கூடாது என்பதையும் டென்மார்க் எண்கள் வலுவாகச் சொல்கின்றன.

இரண்டுக்கும் நடுவே உள்ளவர்களுக்குத்தான் பதில் மங்கலாகிறது. இரண்டு ஆண்டு இடைவெளியை ஓராண்டோடும் மூன்றாண்டோடும் நேருக்கு நேர் ஒப்பிட்டு முடிவுசெய்ததாகச் சொல்வதற்கில்லை. எண் ஏறாதபோதும் எம்.ஆர்.ஐ.யை எப்போது திரும்ப எடுப்பது, எந்த வயதில் கண்காணிப்பை நிறுத்துவது என்பவையும் அந்தந்த மருத்துவமனையின் வழக்கத்தில் நிற்கின்றன. 2017க்கு முன் எம்.ஆர்.ஐ. இன்றி அனுப்பப்பட்டவர்களில் இன்னும் ஜி.பி. பட்டியலில் இருப்போரைத் தேடிப்பிடித்து, பி.எஸ்.ஏ. உயர்ந்தே இருப்பவர்களுக்கு எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்தால் பழைய ஊசி விட்டுவைத்தது எவ்வளவு என்று நேரடியாகத் தெரிந்துவிடும். இதற்குப் புதிய கருவியோ புதிய மருந்தோ வேண்டாம், என்.எச்.எஸ். பதிவேடுகளும் ஸ்கேன் நேரமும் போதும்.